நாலாவது ஆளுக்காக

றாஹிலா ஆர்மோனியப் பெட்டியின் வெள்ளைக் கட்டைகளை இடப்பக்கமிருந்து எண்ணிக்கொண்டே வந்து, ஒன்பதாவது கட்டையில் ஆஸ்பத்திரிப் பிளாஸ்டரில் வெட்டிய சிறு துண்டை ஒட்டினாள். இனி ஒவ்வொரு முறையும் எண்ண வேண்டியதில்லை. ஐம்பத்துநாலு வயதில் அவளுக்குத் தெரிந்த சங்கீதம் அந்த ஒரு கட்டைதான். இடது கையால் பின்பக்கத்துத் துருத்தியை அமர்த்தி, வலது கை விரலால் பிளாஸ்டரை அழுத்தினால் ஒரு சத்தம் வரும். அது அறையை நிறைத்து, எதிரே சாய்வுக் கதிரையில் இருக்கும் கணவர் அபுல் ஹஸனின் முகத்தில் போய்ப் படும். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு அவருடைய இடது கை முழங்காலில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டும். அதற்குப் பிறகுதான் வாய் திறக்கும்.

"என்ட..." என்றார் அபுல் ஹஸன். சொல்லவில்லை, பாடினார். இன்னொரு தட்டு. "...மகள்."

றாஹிலா துருத்தியை நிறுத்தாமல் தலையை மட்டும் ஆட்டினாள். நிறுத்தினால் அறுந்துவிடும் என்று அவளுக்கு இப்போது தெரியும்.

முப்பத்தொரு வருடம் பௌதிகவியல் படிப்பித்த மனிதர். கல்முனைக்குடியில் அவரிடம் ஒரு பிள்ளையாவது படிக்காத வீடு குறைவு. கதைக்காவிட்டால் சோறு இறங்காது. மீன் வாங்கப் போனாலும் தராசைப் பற்றி ஒரு பாடம் நடத்திவிட்டுத்தான் வருவார். மீன்காரன் அவரைக் கண்டதும் படிக்கல்லை ஒளித்து வைத்துவிட்டுச் சிரிப்பான். ஏழு மாதத்துக்கு முன், நோன்பு காலத்தில் ஒரு நாள், லுஹர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒழுச் செய்யப் போனவர் கிணற்றடியில் சரிந்தார். மூளையின் இடப்பக்கத்தில் இரத்தக் குழாய் அடைத்துவிட்டது என்றார்கள். வலது கால் பாதி திரும்பி வந்தது, வலது கை கால்வாசி வந்தது. பேச்சு வரவில்லை. ஒரே ஒரு சொல் மட்டும் எப்படியோ மிஞ்சிக் கிடந்தது.

"சாப்பிடுவமா?" என்று கேட்டால், "பாப்பம்" என்பார்.

"கால் உளையுதா?"

"பாப்பம்."

வகுப்பில் ஒரு பிள்ளை கணக்கைப் பிழையாகச் செய்தால், பிழை என்று முகத்துக்கு நேரே சொல்ல மாட்டாராம். கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு "பாப்பம்" என்பாராம். அந்தச் சொல்தான் இப்போது பசிக்கும் வலிக்கும் கோபத்துக்கும் எல்லாவற்றுக்கும். ஆனால் உள்ளே எல்லாம் விளங்குகிறது. தவறான சொல் வாயில் வந்துவிட்டது என்பதும் விளங்குகிறது. சொல்லி முடித்த கையோடு கண்ணை மூடிக்கொள்வதில் அது தெரியும். அந்தக் கண் மூடுவதைத்தான் றாஹிலாவால் தாங்க முடியாமல் இருந்தது.

பழகிய விஷயங்களை வாசித்துக் காட்டுங்கள் என்று டொக்டர் சொன்னார். அவருக்குப் பழகியது என்று வீட்டில் இருந்தது அவரே கைப்பட எழுதிய ஒரு பெரிய கொப்பிதான். பாண்டிருப்பில் ஒரு கோயில் பஜனைக்கு ஆர்மோனியம் வாசிக்கிற புண்ணியமூர்த்தி, பல வருடத்துக்கு முன் சத்தம் அடைத்துப் போன தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "மாஸ்டர், இதுவும் பௌதிகம்தானே" என்று மேசையில் வைத்த நாளில் தொடங்கியது அந்தப் பித்து. பெட்டியைத் திறந்து, உள்ளே வரிசையாகக் கிடந்த பித்தளை ரீட்டுகளில் ஒன்றைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த அபுல் ஹஸன், இதை முதலில் யார் செய்தான் என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பின்னால் பத்து வருடம் போனார். நூலகங்களுக்குக் கடிதம் எழுதினார், இணையத்தில் கண் சிவக்கத் தேடினார், தனக்கென்று ஒரு பழைய பெட்டியும் வாங்கினார். கண்டதையெல்லாம் கொப்பியில் எழுதினார். அவர் ஆர்வத்தோடு வாசித்துக் காட்ட வரும்போதெல்லாம் மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே, "சீனாக்காரன் ஊதினா எங்களுக்கென்ன, நீங்க போய் தேங்காயத் துருவித் தாங்க" என்று சொன்னவள்தான் றாஹிலா. இப்போது ஒவ்வொரு பின்னேரமும் அவரெதிரே இருந்து அதையே அவள் வாசித்தாள்.

நானூறு வருடத்துக்கு முன் இத்தாலிக்காரப் பாதிரியார் ஒருவர் சீனத்து மன்னருக்குக் கொடுத்த பரிசுகளில், கட்டையை அழுத்தினால் உள்ளே கம்பி அதிரும் ஒரு பெட்டியும் இருந்ததாம். மன்னருக்கு அதைக் கேட்க ஆசை, வாசிக்கத்தான் அரண்மனையில் ஆள் இல்லை. நாலு பணியாளர்களைப் பாதிரிமாரிடம் படிக்க அனுப்பினார்கள். ஆளுக்கு ஒரு பாட்டுப் போதும் என்று ஏற்பாடு. இளையவர்கள் இரண்டு பேர் சட்டென்று படித்துவிட்டார்கள். மற்றவர்களில் ஒருவருக்கு எழுபது வயது. அந்த மனிதருக்கு விரல் வளையவில்லை, பாட்டு மனதில் நிற்கவில்லை. படித்து முடித்தவர்கள் எழும்பிப் போகவில்லை. பிந்தியவர்களும் தங்கள் ஒரு பாட்டைப் படித்து முடிக்கும்வரை, ஒரு மாதத்துக்கு மேல், எல்லோரும் காத்திருந்தார்கள். அந்த இடத்தில் அபுல் ஹஸன் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: "நல்ல வகுப்பு."

பிறகு மன்னர் பாட்டுகளின் பொருளைக் கேட்க, பாதிரியார் சீன மொழியிலேயே எட்டுப் பாட்டுக்குச் சொல் எழுதிக் கொடுத்தாராம். அந்தச் சொற்கள் அச்சாகி இன்றும் இருக்கின்றன. ராகம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இன்னும் நூற்றெழுபது வருடம் கழித்து அதே பீக்கிங் நகரத்திலிருந்து வேறொரு பாதிரியார், மூங்கில் குழல்களைக் கொத்தாகச் சேர்த்த ஒரு ஊதுகருவியைப் பாரிசுக்கு அனுப்பினார். மூச்சை விட்டாலும் அது பாடும், இழுத்தாலும் பாடும். ஒவ்வொரு குழலின் அடியிலும் மெல்லிய உலோகத் தகடு ஒன்று காற்றில் துடிக்கும். அந்தத் துடிப்பைப் பார்த்துப் பார்த்துத்தான் மேற்கே ஆர்மோனியம் பிறந்தது என்று பலர் சொல்கிறார்கள், சிலர் ஒத்துக்கொள்வதில்லை. "கப்பலேறிப் போனது கம்பி, திரும்பிக் கப்பலேறியது மூச்சு" என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். அந்த மூச்சுத்தான் பாதிரிமாரோடு இந்தக் கரைக்கும் வந்து, கடைசியில் பாண்டிருப்புப் பஜனையில் உட்கார்ந்திருந்தது. கொப்பி அதோடு நின்றது. மிச்சம் வெறும் தாள்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மட்டக்களப்புப் பிள்ளை ஒரு நாள், "சேர் முந்திப் பாடுவாரா?" என்று கேட்டாள்.

"பாட்டா, இவரா? பிள்ளையத் தூங்க வைக்க ஒரு தாலாட்டு ராகம் இழுப்பாரு. அதக் கேட்டா தூங்கின பிள்ளையும் எழும்பும்," என்றாள் றாஹிலா.

"அத ஒருக்கா இழுத்துக் காட்டுங்க அம்மா."

றாஹிலா வெட்கத்தோடு இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் அபுல் ஹஸனின் வாயிலிருந்து தாலாட்டின் அடுத்த அடி, சொல்லோடு, முழுதாக வந்தது. யார் அதிகம் பயந்தது என்று சொல்ல முடியாது. அவரே தன் வாயைத் தொட்டுப் பார்த்தார். பேச்சு இருக்கும் பக்கம்தான் அடிபட்டிருக்கிறது, பாட்டு மற்றப் பக்கத்திலும் இருக்கும் என்று அந்தப் பிள்ளை விளக்கினாள். சொல்ல வேண்டியதை ராகத்தில் வைத்து, இடது கையால் தட்டிக்கொண்டு பழகினால் சிலருக்கு வரும். எல்லோருக்கும் வராது. நாள் எடுக்கும்.

வீட்டுக்கு வரும் வழியில் ஓட்டோவில் றாஹிலாவுக்குக் கொப்பியின் எட்டுப் பாட்டு ஞாபகம் வந்தது. அங்கே சொல் மிஞ்சி ராகம் போய்விட்டது. இங்கே ராகம் இருக்கிறது, சொல்தான் போய்விட்டது. இதை அவரிடம் சொன்னாள். ஓட்டோச் சத்தத்தில் கேட்டதோ என்னவோ, அவர் அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அவருக்கு எந்தச் சொல் வேண்டும் என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ஒரே மகள் றஸ்னாவின் நிக்காஹ் ஒரு தரம் தள்ளிப் போட்டு, திரும்பவும் நாள் குறித்தாகிவிட்டது. பள்ளிவாசலில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பெண்ணின் வாப்பா சொல்லும் ஒரு வசனம் இருக்கிறது. சொல்ல முடியாதவர் தம்பியிடமோ மௌலவியிடமோ பொறுப்புக் கொடுக்கலாம், தலையை ஆட்டினாலே போதும் என்று மௌலவி வீடு தேடி வந்து சொன்னார். தம்பி ஜவுபர் தமையனின் பக்கத்தில் நின்று, "ஓம் காக்கா, நான் சொல்லிருவன்" என்றார். அபுல் ஹஸன் இடது கையால் மேசையில் ஓங்கி அடித்தார். தேநீர்க் கோப்பை புரண்டது. "பாப்பம்," என்றார், "பாப்பம், பாப்பம்," பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

அன்று றஸ்னா அவருடைய காலடியில் வந்து இருந்தாள். பிரதேச செயலகத்தில் நாலு பேரை வேலை வாங்குகிற பெண், நாலு வயதுப் பிள்ளை மாதிரி அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "வாப்பா, நீங்கதான் சொல்லணும். ஆரும் சிரிச்சா சிரிக்கட்டும். ஒங்கட வாயால கேட்டாத்தான் எனக்குக் கலியாணம்."

அப்படித்தான் அந்த வசனம் தாலாட்டு ராகத்தில் ஏறியது. "என்ட மகள் றஸ்னாவ, பேசிய மஹருக்கு, உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன்." அவளைத் தூங்கவைத்த ராகத்திலேயே அவளைக் கொடுக்கிற சொற்களை வைத்தது புண்ணியமூர்த்தி. பின்னேரம் பின்னேரம் சைக்கிளில் வந்து, பெட்டியை மடியில் வைத்து ராகம் பிடித்துக் காட்டுவார். "மாஸ்டர் கதைச்சுக் கதைச்சு என்ட பெட்டியத் திருத்தினவர். இப்ப பெட்டி கதைச்சு மாஸ்டரத் திருத்தட்டும் தங்கச்சி," என்பார். அவர் வராத நேரங்களில் றாஹிலாவின் ஒரு கட்டைதான்.

நாளுக்கு ஒரு சொல் என்று போனது. "மஹருக்கு" என்பதில், மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் மணக்கொடையைச் சொல்லும் இடத்தில், நாலு நாள் நின்றது. "நிக்காஹ்" சுலபமாக வந்தது. "தந்தேன்" மட்டும் வரவே இல்லை. "செய்து" வரைக்கும் வந்து, கை தட்டிக்கொண்டே இருக்கும், வாய் திறந்தபடி இருக்கும், சத்தம் வராது. "அந்தச் சொல்லுக்குப் பாரம் கூட," என்றார் புண்ணியமூர்த்தி. "ரெண்டு பிள்ளையக் குடுத்தவன் நான். எனக்கே வரல்ல."

மாப்பிள்ளையின் உம்மா சுல்பிகா பலகாரத்தோடு வந்திருந்த அன்று, றாஹிலா மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள். இன்னும் ஒரு மாதம் கிடைத்தால் போதும்.

"மச்சி, நாங்க ஒண்டும் பழுது சொல்ல வரல்ல," என்றாள் சுல்பிகா. "முஸ்தாக்குக்கு கட்டார்ல குடுத்தது நாப்பது நாள் லீவு. அதுல பாதி போயிட்டு. மாஸ்டர் வாயாலதான் சொல்லணும் எண்டு சட்டம் இல்லயே."

என்ன சொல்கிறோம் என்று யோசிக்காமல், எழுபது வயதுக்காரர் ஒரு பாட்டுப் படிக்கும்வரை சீனத்து அரண்மனையில் காத்திருந்த கதையை றாஹிலா சொன்னாள். சொல்லி முடித்ததும் முகம் சூடாகிவிட்டது. சுல்பிகா நல்ல மனுசி. அவளுடைய கையைத் தட்டிக் கொடுத்தாள்.

"ராசாவுக்கு வேற வேல இல்ல மச்சி. என்ட மகனுக்கு டிக்கெட் போட்டாச்சு."

புதன்கிழமை காலையில் ஜவுபர் வந்தார். காக்கா தூங்குகிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு, குசினி வாசலில் நின்றார். சும்மா உட்காரச் சொன்னாலும் உட்காராத ஆள், அன்று தானாகவே தேங்காய் துருவும் பலகையில் இருந்தார்.

"மதினி, பள்ளிக்குள்ள முன்னூறு பேர் இரிப்பான். ஒருத்தன் போனத் தூக்கினாப் போதும். காக்கா தொடயில தட்டித் தட்டி இழுக்கிறது மஃரிப் தொழுகைக்குள்ள ஊரெல்லாம் போயிரும்."

"அவருக்கு வருது ஜவுபர். கடைசிச் சொல் மட்டுந்தான் இல்ல."

"வரட்டும். நான் வேணாம் எண்டு சொல்லல்ல. வராட்டி என்ன செய்யிற? எவ்வளவு நேரம் அந்த மனிசனப் பாத்துக்கிட்டு இரிக்கிற?" ஜவுபரின் குரல் உடைந்தது. "அவரு படிப்பிச்ச பொடியன்கள் முன்னுக்கு இரிப்பான் மதினி. என்னால பாக்க ஏலாது."

றாஹிலாவாலும் பார்க்க முடியாது. அந்தக் கண் மூடுவதை முன்னூறு பேர் பார்ப்பார்கள். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டு வந்தது. அவள் இறக்கி வைத்தாள். மணிக்கூட்டைப் பார்த்து வேலை செய்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. முட்டை அவிய குர்ஆனில் எத்தனை சூறா ஓதும் நேரம், தேயிலை ஊற எத்தனை சூறா என்று உம்மா பழக்கிய கணக்குத்தான். பெட்டியின் சத்தம் தொடங்கி அவருடைய முதற்சொல் வரும்வரை எவ்வளவு நேரம் என்றும் அப்படித்தான் பார்த்திருந்தாள். ஒரு அல்ஹம்து சூறாவில் பாதி. சில நாளில் முக்கால்.

"ஒரு அல்ஹம்து ஓதுற நேரம் பாருங்க," என்றாள். "அவசரப்படாம, நிறுத்தி நிறுத்தி ஓதணும். அதுக்குள்ள தொடங்காட்டி, நீங்க கேட்டுட்டுச் சொல்லுங்க."

"காக்காட்ட சொல்லவா?"

"வேணாம்," என்றாள் றாஹிலா. "தெரிஞ்சா மனசு விட்டிருவாரு."

வியாழன் பின்னேரம் அது நடந்தது. புண்ணியமூர்த்தி பெட்டியை வாசித்துக்கொண்டிருந்தார். கடற்பக்கத்துக் காற்றில் திரைச்சீலை உள்ளே வந்து வந்து போனது. அபுல் ஹஸன் ஒவ்வொரு சொல்லாக ஏறி, "செய்து" என்ற இடத்தில் நின்றார். கை தட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு, குழந்தையை விழிக்காமல் தொட்டிலில் கிடத்துகிற மாதிரி மெதுவாக, "தந்தேன்" என்றார்.

அறைக்கதவில் மருதோன்றிக் கையோடு நின்ற றஸ்னா, கையால் முகத்தைத் துடைக்க முடியாமல் தோளில் துடைத்துக்கொண்டாள். புண்ணியமூர்த்தி பெட்டியை மூடிவிட்டு மூக்கைச் சிந்தினார். வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போது, "தங்கச்சி, பள்ளிக்குள்ள பெட்டி வராது. மறுகா ஒருக்கா பெட்டி இல்லாமப் பாத்திரணும்," என்றார்.

"நாளைக்குக் காலையில பாப்பம்," என்றாள் றாஹிலா. அன்றைக்கு அந்தச் சந்தோஷத்தை எடுத்துப் பரிசோதிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமைக்குக் காலை என்று ஒன்று இருக்கவில்லை. விடிந்ததும் சமையல்காரர் வந்துவிட்டார்கள். மாடு வந்தது, விறகு வந்தது, அட்டாளைச்சேனைச் சொந்தம் ஒரு வேன் நிறைய வந்தது. மகளுக்குக் கொடுக்கிற வீடு என்பதால் முன்வீட்டிலிருந்த அவர்களுடைய கட்டிலும் அலுமாரியும் பின்னறைக்கு மாறின. அவற்றோடு பெட்டியும் போனது. அபுல் ஹஸனுக்கு வெள்ளைச் சேர்ட்டின் பொத்தான்களைப் போட்டுவிடும்போது, "வெட்கப்படாதீங்க, நாங்க இஞ்ச இருந்து கேப்பம்" என்றாள். அவர் அவளுடைய முக்காட்டு நுனியைச் சரி செய்துவிட்டார், இடது கையால்.

பள்ளிவாசல் தெருவுக்கு அந்தப் பக்கம்தான். பெண்களும் கேட்கட்டும் என்று வெளி ஒலிபெருக்கியைப் போட்டிருந்தார்கள். பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்து, குத்பாப் பிரசங்கமும் முடிந்தது. ஜன்னலடியில் றஸ்னா தலை கவிழ்ந்து இருந்தாள். சுற்றிப் பெண்கள். "மாஸ்டர், இப்ப நீங்க சொல்லலாம். அவசரமில்ல," என்று மௌலவியின் குரல் கேட்டது.

பிறகு சத்தம் இல்லை. மைக்கில் மின்விசிறியின் இரைச்சல். யாரோ இருமினார்கள். றாஹிலா தன்னை அறியாமல் மனதுக்குள் அல்ஹம்து சூறாவைத் தொடங்கியிருந்தாள். பாதி வந்தது. முக்கால் வந்தது. ஒலிபெருக்கியில் ஒரு மூச்சு உள்ளே போவது கேட்டது. அவருடைய மூச்சு. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. வீட்டில் பெட்டிதான் அவருக்கு அந்த முதல் சத்தத்தை எடுத்துக் கொடுத்தது. இங்கே அவர் தனியாக, தன்னுடைய இருட்டுக்குள் அதைத் தேடிக்கொண்டிருக்கிறார். பாதி அல்ஹம்து என்பது பெட்டி இருந்த கணக்கு. எழும்பித் தெருவைக் கடந்து ஓடலாமா என்று நினைத்தாள். ஆண்கள் நிறைந்த பள்ளி. கால் எழும்பவில்லை. சூறா முடிந்தது.

முடிந்த இடத்தில் அது வந்தது. "ம்..." என்று ஒரு சத்தம், மெல்லியதாக, நடுங்காமல். வேறு யாருக்கும் அது ஒரு நோயாளியின் முனகல். றாஹிலாவுக்குத் தெரியும், அது பிளாஸ்டர் ஒட்டிய கட்டை. சரியாக அதே சத்தம். கண்டெடுத்துவிட்டார்.

"காக்கா, நான் சொல்லட்டா?" என்றது ஜவுபரின் குரல், அதன் மேல்.

சத்தம் நின்றது. மின்விசிறி மட்டும். பிறகு மௌலவி, "மாஸ்டர் தலய ஆட்டிட்டாரு. பொறுப்புக் குடுத்திட்டாரு. சொல்லுங்க தம்பி," என்றார். ஜவுபர் தெளிவாக, ஒரு சொல்லும் பிசகாமல், ஏழெட்டு நொடியில் சொல்லி முடித்தார். முஸ்தாக் ஏற்றுக்கொண்டதாகச் சொன்னான். தெருவில் சிறுபிள்ளைகள் பட்டாசு கொளுத்தினார்கள். பெண்கள் றஸ்னாவைக் கட்டிப் பிடித்தார்கள். அத்தனை தோள்களுக்கும் மேலாக றஸ்னா உம்மாவைப் பார்த்தாள். றாஹிலா தண்ணீர்க் குடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டுக்கு ஆண்கள் சஹன் என்ற பெரிய சோற்றுத் தட்டைச் சுற்றி ஆறு ஆறு பேராக இருந்தார்கள். மாப்பிள்ளையோடு ஒரே சஹனில் அபுல் ஹஸனும் ஜவுபரும். கை கழுவத் தண்ணீர் கொண்டுவந்த றாஹிலாவை நிமிர்ந்து பார்த்த ஜவுபருக்கு, நல்ல காரியம் ஒழுங்காக முடிந்த நிம்மதி முகமெல்லாம் இருந்தது.

"மதினி சொன்ன மாதிரியே ஒரு அல்ஹம்து முழுசா ஓதித்தான் கேட்டன். ஒரு எழுத்து விடல்ல," என்றார்.

சோற்றுக்குள் இருந்த அபுல் ஹஸனின் இடது கை அசையாமல் நின்றது. அவர் தலையை உயர்த்தி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவள் தப்பியிருப்பாள். பரீட்சைத் தாள் திருத்தும்போது, நன்றாகப் படிக்கிற பிள்ளை ஒன்று முதல் வரியிலேயே பிழை விட்டிருப்பதைக் காண்கிறபோது வருகிற பார்வை அது. எத்தனையோ வருடம் மேசைக்கு எதிரே இருந்து அவள் அதைப் பார்த்திருக்கிறாள். அப்படிப் பார்த்துவிட்டு, சிவப்புப் பேனையை மூடிவைத்துவிடுவார்.

மருமகன் ஒரு இறைச்சித் துண்டை எடுத்து அவர் பக்கம் நகர்த்தி, "சாப்பிடுங்க மாமா" என்றான். அவர் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு "பாப்பம்" என்பதும் நின்றுவிட்டது. தேத்தண்ணி வேண்டுமா என்றால் தலை ஆடும், வேண்டாம் என்றாலும் ஆடும். சனி போனது, ஞாயிறு போனது. புண்ணியமூர்த்தி வந்து அரை மணி நேரம் இருந்தார். பெட்டியைத் தொடவில்லை. "எழுபது வயசுக்காரன விட்டுட்டு வகுப்பக் கலைச்சுப் போட்டாங்க மாஸ்டர்," என்று சிரிக்கப் பார்த்தார். றாஹிலா உள்ளே போய்விட்டாள். கலைத்தது யார் என்று அவருக்குத் தெரியாது.

திங்கட்கிழமை காலையில் முஸ்தாக் உறவினர் வீட்டு விருந்துக்கு மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். றஸ்னா, புதுச் சாரியோடு பின்னறைக்கு வந்தாள். வாப்பா ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தார். வாசலுக்கு வெளியே வைத்து அவள் உம்மாவிடம் மெதுவாகக் கேட்டாள்.

"உம்மா, அண்டைக்கு சாச்சா கேக்கிறதுக்கு முந்தி ஒரு சத்தம் வந்திச்சே. ஒங்களுக்கும் கேட்டிச்சா?"

"கேட்டிச்சு மகள்."

"வாப்பா தொடங்கிட்டாரு, என்ன."

"ஓம்."

றஸ்னா மருதோன்றி மங்கத் தொடங்கியிருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னும் கொஞ்சம் பாத்திருக்கலாம்," என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று சொல்லவில்லை. ஒருவேளை அவளுக்குத் தெரிந்திருக்கலாம். முன்பக்கம் மோட்டார் சைக்கிள் உறுமியது. அவள் உள்ளே போய் வாப்பாவின் தலையில் முத்தமிட்டுவிட்டுப் போனாள்.

மோட்டார் சைக்கிளின் சத்தம் பஸார் வீதி வரை போய்த் தேயும்வரை றாஹிலா வாசலில் நின்றாள். பிறகு அறைக்குள் வந்து, கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்திருந்த பெட்டியை இழுத்து, தூசியை முந்தானையால் துடைத்தாள். பிளாஸ்டரின் ஒரு ஓரம் கிளம்பியிருந்தது. பெருவிரலால் அமர்த்தி ஒட்டினாள்.

"இஞ்ச பாருங்க," என்றாள். அவர் திரும்பவில்லை. "நான் பிழையா எண்ணிட்டன்."

ஜன்னலுக்கு வெளியே தென்னோலையில் வெயில் அசைந்தது. அவள் அவருடைய கதிரையை மெதுவாகத் திருப்பினாள். அவர் தடுக்கவில்லை. எதிரே தரையில் இருந்து, துருத்தியை அமர்த்தி, கட்டையை அழுத்தினாள். அந்த ஒரு சத்தம் எழும்பி, அடுக்கி வைத்த பெட்டிகளிலும் அலுமாரியிலும் மோதி, சின்ன அறையை நிறைத்தது. வழக்கமாக உதட்டுக்குள் தொடங்கும் அல்ஹம்து சூறாவை அவள் தொடங்கவில்லை. எதையும் எண்ணவில்லை. கை உளைந்தது. மாற்றிக்கொள்ளாமல் அமர்த்திக்கொண்டே இருந்தாள். பக்கத்து வீட்டில் யாரோ தேங்காய் உடைத்தார்கள். வெயில் ஜன்னல் கம்பியிலிருந்து இறங்கி அவருடைய முழங்காலுக்கு வந்தது. அங்கே கிடந்தது இடது கை, சோற்றில் நின்றது போலவே. அவள் அதையே பார்த்துக்கொண்டு துருத்தியை அமர்த்தினாள். அதன் சுட்டுவிரல் மட்டும் முழங்காலிலிருந்து ஒரு நூலளவு உயர்ந்து, அப்படியே நின்றது.